பண்ணைப் பள்ளிக்குப் புதிதாக வருவோர்க்கு

காஞ்சிபுரத்தைச் சுற்றி ஏரிப் பாசனத்தை நம்பி நெல் பயிரிடும் ஊர்களில் பண்ணைப் பள்ளி நடப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். முன்னோடி உழவர் ஒருவரின் வயலில், வேளாண்மைத் துறையின் அட்மா திட்டத்தின்கீழ், 25 பேர் பயிரின் முக்கியப் பருவங்களில் கூடிப் பேசுவதே இப்பள்ளியாகும். புதிதாக வருவோர் முதல் நாளில் சற்றுத் திகைத்துப் போகிறார்கள். சிலர் மறுமுறை வருவதே இல்லை.

இங்கு கரும்பலகை கிடையாது. வெயில் ஏறுமுன் ஐந்தைந்து பேராகப் பிரிந்து வயலில் இறங்க வேண்டும். பத்துக் குத்துகளைத் தூர்வரை விலக்கிப் பூச்சிகளை எண்ண வேண்டும். பின்பு வரப்பில் அமர்ந்து, பெரிய தாளின் நடுவே நெற்பயிரை வரைந்து, ஒருபுறம் தீமை செய்யும் பூச்சிகளையும் மறுபுறம் நன்மை செய்யும் பூச்சிகளையும் குறிக்க வேண்டும். மருந்து தேவையா, இல்லையா என்று ஒவ்வொரு குழுவும் தன் முடிவைச் சொல்ல, மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள்.

1989-ஆம் ஆண்டு இந்தோனேசியாவில், ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் உதவியுடன் இம்முறை தொடங்கியது. மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியதால், 1986-லேயே அந்நாட்டு அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடை செய்திருந்தது.

புதியவர்களைத் திகைக்க வைப்பது இதுதான்: "இது என்ன பூச்சி?" என்று கேட்டால் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "எங்கே பிடித்தீர்கள்? இலையிலா, தூரிலா? என்ன செய்துகொண்டிருந்தது?" என்று திருப்பிக் கேட்பார்கள். இதை அவமதிப்பாக எண்ண வேண்டாம். பெயர் தெரிந்தவுடன் நாம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம் என்பதே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன், தறி வேலை குறைந்ததால் குத்தகை நிலத்தில் நவரை நெல் நட்ட ஒருவர் இப்படி ஒரு பள்ளிக்கு வந்தார். தூரில் பிடித்த பச்சை நிறப் பூச்சி ஒன்றைக் காட்டினார். எதிர்க்கேள்வி வந்ததும் கூச்சத்தால் வாய்மூடிக்கொண்டார். பின்வரிசையில் யாரோ சிரித்து, "பச்சைத் தத்துப்பூச்சி, மருந்தடிச்சா போயிடும்" என்றார். நானும் அங்கேதான் இருந்தேன். அவரைத் தேடிப் போய்ப் பேசவில்லை. அவர் செயற்கை பைரித்திராய்டு மருந்தை வாங்கித் தெளித்துவிட்டார். அவர் காட்டியது புகையானின் முட்டைகளைத் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சி. கதிர் வரும் தருணத்தில் வயலில் வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்தபோதுதான் எங்களுக்கு விவரம் தெரிந்தது. அந்தக் குத்தகைக்கு அவர் கடன் வாங்கியிருந்தார்.

எனவே பழைய உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டுத்தறியில் கோர்வைச் சேலை நெய்யும்போது கரைக்கு நாடா தள்ளித் தர ஓர் ஆள் பக்கத்தில் அமர்வதை அறிவீர்கள். அதுபோல் புதியவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று வகுப்புகள் வரை ஒரு பழையவர் துணையாக இருக்க வேண்டும். எதிர்க்கேள்வி கேட்பதோடு விட்டுவிடாமல், கூடவே வயலில் இறங்கிப் பார்க்க வேண்டும். பெயர் தெரியாத பூச்சியை, புகையான் உள்ள நெல் தூர் ஒன்றோடு கண்ணாடிப் பாட்டிலில் விட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி மறுநாள் பாருங்கள். எது எதைத் தின்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். பெண்கள் வந்தால் குழுவில் தாளும் பென்சிலும் அவர்கள் கையில் இருக்கட்டும். களை எடுக்கையில் தூரை அதிகம் பார்ப்பவர்கள் அவர்களே.

முதல் வகுப்பிலேயே புதியவர் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் என்ற அளவை எட்டினால் மருந்தைப் பற்றி யோசிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். அதற்குமுன் தண்ணீரை வடித்துவிடுங்கள். நடவின்போதே எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டிருந்தால் தூரில் காற்றும் வெளிச்சமும் படும்.

சேர விரும்புவோர் தங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். முதல் நாள் வரும்போது ஒரு நோட்டுப் புத்தகமும், உங்கள் வயலில் பிடித்த, பெயர் தெரியாத பூச்சி ஒன்றும் கொண்டு வாருங்கள்.