மாப்ளைக்கு ப்ராக்ஸி போடுற பாசக்காரரா நீங்க?

உங்க ஹாஸ்டல்லயும் அப்படி ஒரு மாப்ள கண்டிப்பா இருப்பான். ராத்திரி சரக்கு, காலையில மட்டை. முதல் ஹவருக்கு நீங்கதான் ப்ராக்ஸி. ரெக்கார்டு நோட்டு எழுதித் தர்றது பக்கத்து ரூம். வார்டன் கேட்டா, 'காய்ச்சல் சார்!' எக்ஸாம் ஃபீஸை அவன் குடிச்சே தீர்த்துட்டா, ஆளுக்கு நூறு ரூபாய் போட்டுக் கட்டிடுவீங்க. நட்புன்னா சும்மாவா?

இதுக்கு 'எனேபிளிங்'னு ஒரு பேர் இருக்கு பாஸ். குடியால அவன் மேல விழ வேண்டிய அடியை எல்லாம் சுத்தி இருக்கறவங்க வாங்கிக்கிறது. கணக்கு ரொம்ப சிம்பிள். அட்டெண்டன்ஸ் 75 சதவிகிதத்துக்குக் கீழே போகலை, வீட்டுக்கு லெட்டர் போகலை, கடனும் அடைஞ்சிடுச்சு. அப்புறம் எதைப் பார்த்து அவன் பயப்படணும்? 'நான் கன்ட்ரோல்லதான்டா இருக்கேன்'னு அவன் சொல்றது நடிப்பில்லை. அவனுக்கு நிஜமாவே அப்படித்தான் தெரியுது!

குடிக்கிறவங்களோட குடும்பத்துக்காகவே அமெரிக்காவுல 1951-ல 'அல்-அனான்' அமைப்பைத் தொடங்கினாங்க. சென்னையில, கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல ஆரம்பிச்ச டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி மையத்துல நோயாளியோட குடும்பத்துக்கும் சேர்த்துதான் ஆலோசனை. ஏன்னா, ஆபீஸுக்கு போன் பண்ணி 'அவருக்கு வயித்துவலி'ன்னு லீவு சொல்றதும், நகையை அடகு வெச்சுக் கடனை அடைக்கிறதும் வீட்டுல இருக்கறவங்கதான். எல்லாம் பாசத்துலதான். அதோட ஹாஸ்டல் எடிஷன்தான் நாம!

அதுக்காக மட்டையானவனை ரோட்டுல விட்டுட்டு வாங்கன்னு சொல்லலை. அவனை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, தனியா விடாதீங்க. எழுப்பியும் எழலைன்னா, மூச்சு மந்தமா இருந்தா, உடனே 108. அதுல யோசனையே வேண்டாம். பொய், பணம், ப்ராக்ஸி... இந்த மூணுக்கு மட்டும் 'நோ'. பசிச்சா மெஸ்ல சாப்பாடு வாங்கிக் கொடுங்க, கையில காசா கொடுக்காதீங்க. இதை அவன் தெளிவா இருக்கறப்போ தனியா சொல்லணும். கேங்குக்கு நடுவுல சொன்னா சண்டைதான் மிஞ்சும்.

இன்னொண்ணு, தினமும் நிறைய குடிக்கிறவன் திடீர்னு நிறுத்தினா வலிப்புகூட வரலாம். அதனால டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. யாரைக் கேக்கறதுன்னு தெரியலைன்னா, 2022-ல மத்திய அரசு ஆரம்பிச்ச டெலி-மானஸ் இருக்கு. 14416-க்கு போன் போட்டா தமிழ்லயே பேசலாம்.

முதல் வாரம் அவன் உங்களை 'துரோகி'ம்பான். ரெண்டாவது வாரம் பக்கத்து ரூம்ல போய்க் கடன் கேப்பான். அதனால அந்த ரூம் பசங்ககிட்டயும் முன்னாடியே பேசி வெச்சிடுங்க.