ரடார் பிடிச்சது வானை, தண்டம் ஆருக்கு?

சோதனை, பகுதிநேர வேலை எண்டு ஓடினதிலை கன நாளாப் பதிவு போடேல்லை. இண்டைக்கு லாச்சப்பலில் கடை வைச்சிருக்கிற ஆக்களுக்குப் பிரயோசனமான ஒரு விசயம்.

பிரான்சில் தானியங்கி வேகக் கமராக்கள் 2003 இல் வந்தன. இங்கை எல்லாரும் 'ரடார்' எண்டுதான் சொல்லுவினம். அது பிடிக்கிறது வாகன இலக்கத்தை. ஆர் ஓட்டினது எண்டு அதுக்குக் கவலையில்லை. வாகனப் பதிவில் உள்ள பேருக்குத்தான் கடிதம் போகும். நகருக்குள் வேக எல்லையை 20 கிலோமீற்றருக்குக் குறைவாகத் தாண்டினால் 135 யூரோ, கெதியாக் கட்டினால் 90.

வான் கொம்பனி பேரில் இருந்தால்தான் சிக்கல். முந்தி சில முதலாளிமார் கொம்பனிக் காசில் தண்டத்தைக் கட்டி, ஓட்டின ஆளின் லைசென்ஸ் புள்ளியைக் காப்பாத்திப் போடுவினம். அதை நிறுத்த 2017 சனவரி 1 இலிருந்து ஒரு சட்டம்: ஓட்டினது ஆர் எண்டு 45 நாளுக்குள் கொம்பனி அறிவிக்கவேண்டும். இல்லாட்டில் அதுக்குத் தனித் தண்டம், 675 யூரோ. கெதியாக் கட்டினால் 450.

நியாயந்தானே எண்டு நினைப்பியள். ஆனால் எங்கட ஆக்களின் கொம்பனி எப்பிடி? முதலாளியும் அவர்தான், சாரதியும் அவர்தான், விடியப்புறம் ரன்ஜிஸ் சந்தைக்கு மரக்கறி எடுக்கப் போறதும் அவர்தான். கடிதம் வந்தவுடனை நல்ல பிள்ளையா 90 யூரோவைக் கட்டிப்போடுவார். பிறகு வரும் ரெண்டாவது கடிதம். தன்னைத் தானே காட்டிக் குடுக்கேல்லை எண்டதுக்குத் தண்டம்! நாடு முழுக்கச் சின்ன முதலாளிமார் இப்பிடி மாட்டுப்பட்டவை. உடனை கட்டினவனுக்குத்தான் பெரிய அடி.

அதாலை, கடிதத்தில் கொம்பனிப் பேர் இருந்தால் முதலில் காசு கட்டாதேங்கோ. ஓட்டினது நீங்கள்தான் எண்டாலும் உங்கட பேரை இணையத்திலோ பதிவுத்தபாலிலோ அறிவியுங்கோ. பிறகு உங்கட பேருக்கு வாற புதுக்கடிதத்துக்குக் கட்டுங்கோ. ஒரு புள்ளி போனாலும், ஆறு மாதம் வேறை பிழை விடாட்டில் திரும்பி வரும். 2024 இலிருந்து 5 கிலோமீற்றருக்குக் குறைவான மீறலுக்குப் புள்ளியே குறையாது, தண்டம் மட்டுந்தான்.

மாணவப் பெடியளுக்கு ஒண்டு. "தம்பி, உன்ரை லைசென்ஸ் சும்மாதானே கிடக்கு, உன்ரை பேரைக் குடுக்கட்டே? காசு தாறன்" எண்டு ஆரும் கேட்டால் ஓடித் தப்புங்கோ. புது லைசென்சுக்கு மொத்தமே 6 புள்ளிதான். பொய்ப்பேர் குடுக்கிறது குற்றமும்கூட.

கமரா வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. வேகத்தால் சாகிற சனமும் எங்கட சனந்தான். ஆனால் கடிதத்தை வாசிக்க விளங்காதவனிட்டை ஒரே பிழைக்கு ரெண்டு தரம் வாங்கிறது வேகத்தைக் குறைக்காது.

லண்டன், கனடாப் பதிவர்களே, உங்கட பக்கம் எப்பிடி? பின்னூட்டத்தில் சொல்லுங்கோ :-)