நெஞ்சுக்குள் ஒரு மணிக்கூடு: செயற்கை வால்வும் வார்பரின் குளிசையும்



சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா தன் பேத்தியுடன் என்னிடம் வந்தார். இருதயத்தில் செயற்கை வால்வு பொருத்திப் பல வருடங்கள் ஆனவர். அமைதியான அறையில் பக்கத்தில் இருந்தால் அந்த வால்வு 'டிக், டிக்' என்று அடிப்பது கேட்கும். பேத்தி அதை "அம்மம்மாவின்ர மணிக்கூடு" என்றுதான் சொல்வாள். அன்று அவள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"டொக்டர் அங்கிள், அம்மம்மாவின்ர மணிக்கூடு இப்ப கேக்குதில்லை."

விசாரித்தபோது விடயம் வெளியே வந்தது. ஊருக்குப் போன இடத்தில் பல்லுப் பிடுங்குவதற்காக வார்பரின் குளிசையை நிறுத்தியிருக்கிறார். பிறகு திரும்பத் தொடங்கவில்லை. "சுகமாத்தானே இருக்கிறன் தம்பி, ஏன் சும்மா குளிசை போடுவான் எண்டு விட்டிட்டன்" என்றார். மூன்று கிழமைகள்! படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டேன். கேட்க வேண்டிய கூர்மையான ஒலி மங்கிப் போயிருந்தது. உடனே 999ஐ அழைத்தேன். குருதி கட்டியாக உறைந்து வால்வின் இதழ்களை அசையவிடாமல் பிடித்திருந்தது. அவசர சத்திரசிகிச்சையால் உயிர் தப்பினார். அவருடைய சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன்.

வால்வு ஏன் பழுதாகிறது?

எமது இருதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. குருதி ஒரு திசையில் மட்டும் ஓடும்படி திறந்து மூடும் கதவுகள் இவை. ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை திறந்து மூடுகின்றன. கதவு ஒடுங்கினாலோ ஒழுகினாலோ இருதயம் களைத்துவிடும்.

வயது முதிர்வு, பிறவிக் குறைபாடு, கிருமித் தொற்று என்பன இதற்குக் காரணங்கள். ஊரில் வளர்ந்த எம்மவரிடையே இன்னொரு முக்கிய காரணம், சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சல். சாதாரண தொண்டை நோவில் தொடங்கி, மூட்டுகளை வீங்க வைத்து, வால்வைத் தழும்பாக்கிவிட்டுப் போகும் நோய் இது. மீண்டும் வராமல் தடுக்க, மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசியைப் பல ஆண்டுகள் போட வேண்டும். இடப்பெயர்வுகளில் அந்த ஊசி தவறிப்போன பிள்ளைகளை யாழ்ப்பாணத்தில் மருத்துவ மாணவனாக இருந்தபோது கண்டேன். பழுதடைந்த வால்வுகளுடன் அந்தத் தலைமுறையினரை இங்கும் காண்கிறேன்.

எந்த வால்வு?

1960இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் சத்திரசிகிச்சை நிபுணர் அல்பேர்ட் ஸ்டாரும் பொறியியலாளர் லோவல் எட்வேர்ட்சும் சேர்ந்து, கூட்டுக்குள் உருண்டை ஏறி இறங்கும் செயற்கை வால்வை வெற்றிகரமாகப் பொருத்தினார்கள். 1977இல் இரண்டு அரைவட்ட இதழ்கள் கொண்ட வால்வு வந்தது. இன்று பெரும்பாலும் பாவிக்கப்படுவது இந்த வகைதான். 'உலோக வால்வு' என்று நாம் சொன்னாலும் அதன் இதழ்கள் மிகக் கடினமான ஒருவகைக் காபனால் ஆனவை. எமது அயலான திருவனந்தபுரத்தில் உருவான சித்ரா வால்வு 1990இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

மாடு அல்லது பன்றியின் திசுவால் செய்யப்பட்ட வால்வுகளும் உண்டு. இவற்றுக்குப் பொதுவாக ஆயுள் முழுவதும் வார்பரின் தேவையில்லை. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்து, மாற்ற வேண்டி வரலாம். செயற்கை வால்வு பெரும்பாலும் ஆயுள் முழுவதும் உழைக்கும். ஆனால் வார்பரினும் ஆயுள் முழுவதும் வேண்டும். ஆகவே இளையவர்களுக்குச் செயற்கை வால்வும் மூத்தவர்களுக்குத் திசு வால்வும் கூடுதலாகத் தெரிவு செய்யப்படுகின்றன. சமய நம்பிக்கை காரணமாகத் தயக்கம் இருந்தால் சத்திரசிகிச்சைக்கு முன்பே வெட்கப்படாமல் கேளுங்கள். குழந்தை பெற விரும்பும் பெண்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வார்பரின் கருவைப் பாதிக்கக்கூடியது.

எலிப் பாஷாணமா?

"வார்பரின் எலிக்கு வைக்கிற நஞ்சாமே?" என்று பலர் கேட்கிறார்கள். உண்மைதான். கெட்டுப்போன புல்லைத் தின்ற மாடுகள் குருதி ஒழுகி இறந்ததை ஆராய்ந்ததிலிருந்து பிறந்த மருந்து இது. 1948இல் எலி மருந்தாகவும், 1954 முதல் மனிதருக்கும் பாவனைக்கு வந்தது. அளவுதான் இங்கே எல்லாம். அந்த அளவைச் சொல்வதே ஐ.என்.ஆர். என்னும் குருதிச் சோதனை. வார்பரின் எடுக்காதவருக்கு இது 1 அளவில் இருக்கும். செயற்கை வால்வு உள்ளவருக்குப் பொதுவாக 2.5 அல்லது 3 அளவில் வைத்திருப்போம். உங்களுக்குரிய இலக்கம் உங்கள் மஞ்சள் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கும். குறைந்தால் குருதி உறையும், கூடினால் குருதி பெருகும்.

கவனத்தில் கொள்ளுங்கள்

1. பல்லுப் பிடுங்கவோ வேறு சிகிச்சைக்கோ வார்பரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். பெரும்பாலான பல் சிகிச்சைகளை ஐ.என்.ஆர். பார்த்துவிட்டு, நிறுத்தாமலே செய்யலாம்.

2. தினமும் ஒரே நேரத்தில் எடுங்கள். மறந்தால் அன்று நள்ளிரவுக்கு முன் எடுக்கலாம். அடுத்த நாள் இரட்டிப்பாக எடுக்கவே கூடாது.

3. இங்கு 1 மில்லிகிராம் குளிசை மண்ணிறம், 3 நீலம், 5 இளஞ்சிவப்பு. ஊரில் நிறம் வேறாக இருக்கலாம். போதியளவு குளிசையைக் கைப்பையில் கொண்டு செல்லுங்கள்.

4. முருங்கையிலை, வல்லாரை போன்ற இலைக்கறிகளை விட வேண்டியதில்லை. ஒரு கிழமை நிறைய, அடுத்த கிழமை ஒன்றுமில்லை என்பதுதான் தவறு.

5. தலையிடி, முழங்கால் நோவுக்கு அஸ்பிரின், இபுபுரூபன் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சூரணம், லேகியம், மஞ்சள் குளிசை எடுத்தாலும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

6. அயலவர் எடுக்கும் புதிய குருதி உறைதல் தடுப்பு மருந்துகள் உங்களுக்கு ஏற்றவை அல்ல. செயற்கை வால்வு உள்ளவர்களிடம் டபிகாட்ரான் மருந்தைச் சோதித்த ஆய்வு, பாதிப்புகள் கூடியதால் இடையில் நிறுத்தப்பட்டு 2013இல் வெளியானது.

7. பற்களைச் சுத்தமாக வைத்திருங்கள். வாயில் இருந்து குருதிக்குள் போகும் கிருமிகள் வால்வில் குடியேறலாம். காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால், அன்டிபயோட்டிக் எடுக்க முன் வால்வு இருப்பதைச் சொல்லுங்கள்.

முகம் கோணுதல், கை சோருதல், பேச்சுக் குளறுதல், திடீர் மூச்சுத்திணறல், நிற்காத குருதிப்பெருக்கு, தலையில் பலத்த அடி, வால்வின் ஒலி மங்குதல் - இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். 999ஐ அழையுங்கள்.

அந்த அம்மா இன்று நலமாக இருக்கிறார். மாலை ஆறு மணிக்குக் குளிசையும் தண்ணீரும் கொண்டு வருவது பேத்தியின் வேலை. உங்கள் வீட்டிலும் வால்வு மாற்றிய ஒருவர் இருந்தால், இன்றிரவு ஒரு கேள்வி கேளுங்கள்: "இண்டைக்கு வார்பரின் எடுத்தாச்சா?"