வட்டு எழுதுதல் இடையில் நிற்றல்

வட்டு எழுதுதல் இடையில் நிற்றல் என்பது, கணினியிலிருந்து சிடி அல்லது டிவிடியில் தரவைப் பதியும்போது முன்னேற்றப் பட்டை ஏதோ ஒரு விழுக்காட்டில் அசையாமல் நின்றுவிடும் சிக்கலாகும். நீரோ, கே3பி, பிரேசரோ என எந்த மென்பொருளிலும் இது நேரலாம். பலர் மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவிப் பார்ப்பர். குறை பெரும்பாலும் அங்கு இருப்பதில்லை. பட்டை எந்த இடத்தில் நின்றது என்பதே காரணத்தைத் தேட உதவும் முதல் தடயம்.

தர்மபுரி மாவட்டம் கம்பைநல்லூர் போன்ற பேரூராட்சிகளில், திருமணம், காதணி விழா வீடியோக்களை டிவிடியில் பதிந்து கொடுப்பது ஸ்டுடியோக்களின் வழக்கமாக இருந்தது. ஒருமுறை மட்டும் எழுதத்தக்க வட்டு பாதியில் நின்றால் வட்டு வீணாகும். அதற்குள் மூலப் பதிவையும் அழித்திருந்தால் நிகழ்ச்சியே கைவிட்டுப் போகும்.

லேசர் ஏன் காத்திருக்க முடியாது

வட்டு சுழன்றுகொண்டிருக்க, லேசர் உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு நோக்கிச் சுருள் பாதையில் எழுதிச் செல்கிறது. டிவிடியின் ஒரு மடங்கு வேகம் நொடிக்கு சுமார் 1.385 எம்பி. 8 மடங்கு வேகத்தில் நொடிக்கு 11 எம்பி வந்துகொண்டே இருக்க வேண்டும். எழுதியிலுள்ள இடைநிலை நினைவகம் 2 எம்பி எனக் கொண்டால், வரத்து தடைபட்ட கால் நொடிக்குள் அது காலியாகிவிடும். பழைய எழுதிகளில் அத்துடன் வட்டு பாழ். 2000ஆம் ஆண்டில் சான்யோ நிறுவனம் கொண்டுவந்த பர்ன்-புரூஃப் போன்ற நுட்பங்கள், தரவு தீர்ந்ததும் லேசரை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடரச் செய்தன. அதனால் இன்றைய எழுதிகளில் பட்டை நிற்பது தோல்வியாகவே இருக்க வேண்டியதில்லை. எழுதியின் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் காத்திருக்கலாம்.

நின்ற இடமும் காரணமும்

தொடக்கத்திலேயே நின்றால், லேசரின் ஆற்றலை அந்த வட்டுக்கு ஏற்பச் சரிசெய்யும் சோதனை தோற்றிருக்கக்கூடும். வேறு தயாரிப்பு வட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். லேசர் வில்லையில் தூசி படிந்திருப்பதும் உண்டு.

வட்டை மாற்றியும் அதே விழுக்காட்டில் நின்றால் மூலக் கோப்பைச் சந்தேகிக்கலாம். வன்தட்டில் அப்பகுதி பழுதடைந்திருக்கலாம். அந்தக் கோப்பை வேறு கோப்புறைக்கு நகலெடுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்: நகலும் அங்கேயே நிற்கும். எழுதுவதற்கு முன் வட்டுப் பிம்பம் உருவாகும் கட்டத்தில், 90 விழுக்காட்டை ஒட்டி நின்றால் ஃபேட்32 வடிவத் தட்டே காரணமாகலாம். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நிறைந்த டிவிடியின் பிம்பமோ அதைவிடப் பெரியது. தற்காலிகக் கோப்புறையை என்டிஎஃப்எஸ் தட்டுக்கு மாற்றினால் போதும்.

ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் தரவு வரும் வழியைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு விசித்திரம் உண்டு: ஐடிஇ கேபிள் வழியே நேரக்கடப்பு அல்லது பரிமாற்றப் பிழைகள் மொத்தம் ஆறு சேர்ந்தால், இயங்குதளம் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, இறுதியில் டிஎம்ஏ முறையை விட்டு மந்தமான பிஐஓ முறைக்கு இறங்கிவிடும். நேற்று வரை நன்றாக எழுதிய கணினி இன்று திணறுவது இதனால் இருக்கலாம். கேபிளை மாற்றி, சாதன மேலாளரில் அந்த ஐடிஇ தடத்தை நீக்கிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்தால் பழைய வேகம் திரும்பும். வெளிப்புற எழுதியாயின் யுஎஸ்பி 1.1 துளையில் செருகியிருக்கக் கூடாது. அதன் உச்ச வேகமே நொடிக்கு 1.5 எம்பிதான்.

எழுதும்போதே இறுதிப் பகுதியில் நின்றால் வட்டின் வெளிவிளிம்பு காரணமாகலாம். பல எழுதிகள் அங்குதான் உச்ச வேகத்தை எட்டுகின்றன. மலிவு வட்டுகளின் சாயப் பூச்சு சீரற்றிருந்தால் அங்கு வெளிப்படும். 16 மடங்குக்குப் பதில் 4 மடங்கில் எழுதலாம். முழு டிவிடிக்குச் சுமார் 14 நிமிடம் ஆகும், அவ்வளவே. 100 விழுக்காட்டில் சில நிமிடம் நிற்பது வட்டை மூடும் பணியாகவும் இருக்கலாம். தரவு குறைவாயின் வெற்றிடத்தையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும்.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

ஜோலியட் முறையில் கோப்புப் பெயர் 64 குறிகளுக்கு மேல் போகக் கூடாது. ஒருங்குறியில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால், ஏழு எழுத்துள்ள ‘கம்பைநல்லூர்’ 12 குறிகளாகிவிடும். நீண்ட தமிழ்ப் பெயர் வரம்பைத் தாண்டினால் சில மென்பொருள்கள் பெயரைச் சுருக்கச் சொல்லிக் காத்திருக்கும். அந்தக் கேள்விப் பெட்டி வேறு சாளரத்தின் பின்னால் மறைந்திருந்தால், பார்ப்பவருக்கு மென்பொருள் உறைந்துவிட்டதாகவே தோன்றும்.

மின்தடை

தமிழ்நாட்டில் 2008 முதல் சில ஆண்டுகள் நிலவிய மின்வெட்டுக் காலத்தில், சிறு ஊர்களில் வட்டு வீணாக மின்சாரமே பெருங்காரணமாக இருந்தது. பர்ன்-புரூஃப் நுட்பம் தரவுத் தட்டுப்பாட்டுக்குத்தான் உதவும்; மின்சாரம் போனால் எழுதி விட்ட இடத்தை மறந்துவிடும். யுபிஎஸ் இல்லாதவர்கள் மின்வெட்டு நேரத்தைப் பார்த்து எழுதத் தொடங்குவதைத் தவிர வழியில்லை.

பாதியில் நின்ற வட்டை வீட்டு டிவிடி பிளேயர் படிக்காது. சில எழுதிகளில் அதை மூடிவிட்டு, பதிவான பகுதியை மட்டும் கணினியில் மீட்க முடியும். எழுதி முடித்த வட்டையும் சரிபார்ப்பு முறையில் ஒருமுறை ஓட்டி, வேறொரு பிளேயரில் போட்டுப் பார்த்த பிறகே மூலப் பதிவை அழிக்க வேண்டும்.