மேல்வரிசைப் பல் இழந்தோர் கவனத்திற்கு

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்திற்கு ஆய்வுக்குச் சென்றிருந்தபோது, முதிய அங்கத்தினர் ஒருவர் கடன் மனுவுடன் வந்தார். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் விழுந்துவிட்டமையால், துண்டினால் வாயை மறைத்துக்கொண்டே பேசினார். "எலும்பில் பல் பதிக்கப் பணம் வேண்டும், ஐயா" என்றார். வேறு வழிகள் உண்டா என்று விசாரித்தீர்களா எனக் கேட்டேன். விசாரிக்கவில்லை என்றார். அவரைப் போன்ற அங்கத்தினர் பலர் இருப்பராதலின், பல் மருத்துவரிடம் கேட்டறிந்தவற்றை இங்கே எழுதலானேன்.

வழிகள் மூன்று. முதலாவது, கழற்றி மாட்டும் பல்செட். செலவு குறைந்தது இதுவே. மேல்வரிசை முழுவதும் இழந்தோர்க்கு இது நன்கு பயன்படும். மேலண்ணம் அகன்ற பரப்பாதலின், செட்டின் தகடு அதில் படிந்து, இடையிலுள்ள உமிழ்நீர்ப் படலத்தால் ஒட்டி நிற்கிறது. கீழ்த்தாடையில் அத்தகைய பரப்பு இல்லை, நாக்கும் அசைக்கும். ஆகவே கீழ்ச்செட்டினும் மேல்செட்டே உறுதியாக அமையும். ஆயினும் பல் போன இடத்து எலும்பு நாளடைவில் தேய்வதால் செட் தளரும். அவ்வப்போது சரிசெய்தல் வேண்டும். இரவில் கழற்றித் துலக்கி, தண்ணீரில் இட்டு வைக்க வேண்டும். கொதிநீர் ஆகாது, வடிவம் கெடும்.

இரண்டாவது, பிரிட்ஜ் எனப்படும் பாலம். இருபுறத்துப் பற்களைச் சீவி, அவற்றின்மேல் உறை அணிவித்து, நடுவே செயற்கைப் பல்லைத் தாங்கச் செய்வர். கழற்ற வேண்டுவதில்லை. முன்பற்கள் நான்கும் போனவர்க்கு, கோரைப்பற்கள் இரண்டும் உறுதியாக இருப்பின் அவையே தூண்களாகும். ஆனால் சீவிய பல் மீண்டும் வளராது. தூண் சொத்தையானால் பாலமும் போய்விடும்.

மூன்றாவது, இம்பிளான்ட். டைட்டானியத் திருகைத் தாடையெலும்பில் பதித்து, அதன்மேல் பல் பொருத்துவது. இம்முறையை சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பிரோனெமார்க் 1965இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குக் கையாண்டார். அண்டைப் பற்களுக்குச் சேதமில்லை, செலவோ மிகுதி. மேல்தாடை எலும்பு மென்மையானது. அதன் பின்பகுதியில் எலும்புக்கு மேலே சைனஸ் என்னும் காற்றறையும் உண்டு. எலும்பு போதாதாயின் முதலில் எலும்பு சேர்த்தல் வேண்டும். திருகு எலும்புடன் பிணையப் பெரும்பாலும் சில மாதங்கள் ஆகும். கட்டுக்கடங்காத சர்க்கரை நோயும் புகையிலைப் பழக்கமும் இம்முறையின் தோல்விக்கு முக்கிய காரணங்கள்.

இவை தவிர, வீதியோரத்தில் பல் கட்டுவோர் உண்டு. அவர்கள் செயற்கைப் பல்லை அண்டைப் பற்களோடு பசைபோட்டு ஒட்டிவிடுவர். அடியில் உணவு தங்கி ஈறு புண்ணாகும். இருக்கும் பற்களும் ஆட்டங் காணும். இது மலிவன்று, நஷ்டமே.

மேற்சொன்ன அங்கத்தினரை அரசினர் மருத்துவமனைக்குச் செல்லுமாறு கூறினேன். அங்கு அவருக்குச் சர்க்கரை மிகுந்திருப்பது தெரிந்தது. அதனைக் கட்டுப்படுத்திய பின்னர் மற்றவற்றை யோசிக்கலாம் என்று, நான்கு பற்களுக்கும் சிறிய செட் ஒன்று செய்து கொடுத்தனர். கடன் மனுவை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். அடுத்த முறை கண்டபோது துண்டு தோளில் இருந்தது.

எனவே, கடன் மனு எழுதுமுன் மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்: எக்ஸ்ரேயில் எலும்பு எவ்வாறுள்ளது? மூன்று வழிகளில் எவை எனக்குப் பொருந்தும்? ஒவ்வொன்றுக்கும் முழுச் செலவு எவ்வளவு? பழுதானால் யார், என்ன செலவில் சரிசெய்வர்? விடைகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தறி வாங்குமுன் நாலிடம் விசாரிக்கும் நாம், பல்லுக்கும் அவ்வாறே செய்தல் நலம்.