நீங்காத வயிற்றுக் கடுப்பு

வயிற்றுக் கடுப்புடன் ரத்தம் கண்டால், சீதபேதி என்றோ மூலச்சூடு என்றோ கருதிக் கைவைத்தியம் செய்வது நம் வீடுகளின் வழக்கம். கிருமியால் வந்த பேதி பெரும்பாலும் சில தினங்களில் தணிந்துவிடும். ஆனால் ரத்தமும் சளியும் கலந்த பேதி வாரக்கணக்கில் நீடித்து, உடல் மெலிந்து, முகம் வெளிறுமாயின், அது குடல் அழற்சி என்னும் வேறொரு வியாதியாக இருத்தல் கூடும்.

இந்நோய் இருவகைப்படும். ஒன்று, பெருங்குடலின் உட்சவ்வைப் புண்ணாக்குவது. 1859-ஆம் ஆண்டில் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியைச் சார்ந்த டாக்டர் ஸாமுவேல் வில்க்ஸ் இதனைத் தனி நோயாக விவரித்தார். மற்றொன்று, உணவுப் பாதையில் எவ்விடத்தும் தோன்றக்கூடியதாயினும், சிறுகுடலின் கடைக்கோடியையே பெரிதும் பற்றுவது. 1932-இல் நியூயார்க் டாக்டர் க்ரோனும் அவருடைய சகாக்கள் இருவரும் அதை விவரித்தமையால், க்ரோன் நோய் என்று வழங்குகிறது.

இவற்றின் காரணம் யாது? உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே, குடலில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்களைப் பகையென மயங்கி, குடலின் மீதே போர் தொடுக்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். பரம்பரைக் கூறும் சூழ்நிலையும் இதற்குத் துணை செய்கின்றன. புகைபிடித்தல் க்ரோன் நோயை வளர்க்கும். இது தொத்து வியாதியன்று. நோயாளியின் தட்டையும் குவளையையும் ஒதுக்கி வைத்தல் அறியாமையே.

நம் தேசத்தில் ஒரு விசேஷ அபாயமும் உண்டு. குடலைப் பற்றும் க்ஷயரோகமும் க்ரோன் நோயும் ஒன்றையொன்று மிகவும் ஒத்திருக்கும். க்ஷயத்துக்கு வேண்டுவது கிருமியைக் கொல்லும் மருந்து. க்ரோனுக்கோ எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. க்ஷயமுள்ளவருக்கு இப்பிந்திய மருந்தைக் கொடுத்தால் க்ஷயம் முற்றிவிடும். ஆகவே, குழாய்க் கருவியால் குடலை நோக்கி, சிறு துணுக்கெடுத்துச் சோதித்தறிவது இன்றியமையாதது.

ஸ்வீடன் தேசத்து டாக்டர் நன்னா ஸ்வார்ட்ஸ் என்னும் பெண்மணி மூட்டுவாதத்துக்கென உருவாக்கிய ஸல்பாஸலஸீன் மருந்து, 1940-களில் பெருங்குடற் புண்ணையும் ஆற்றக் கண்டனர். 1955-இல் கார்ட்டிஸோனின் பயன் இங்கிலாந்தில் நிலைநாட்டப்பட்டது. அழற்சியைத் தூண்டும் பொருளையே தடுக்கும் ஊசிமருந்துகள் இன்று உள்ளன. சிலருக்கு அறுவைச் சிகிச்சையும் அவசியமாகும். மருந்துகள் நோயை வேரறுப்பதில்லை, அடக்கி வைக்கின்றன. சற்றுச் சுகம் கண்டதும் தாமாகவே மருந்தை நிறுத்துவோருக்கு நோய் மீண்டும் தலைதூக்குகிறது.

இவ்வியாதி பெரும்பாலும் இளம் வயதினரையே பிடிக்கிறது. மலத்தில் ரத்தம் கண்டதைச் சொல்ல நாணி, மாதக்கணக்கில் மறைக்கும் பிள்ளைகள் பலர். அவர்கள் கூசாமல் சொல்லும்படி அன்புடன் விசாரிப்பது பெற்றோரின் கடமை.