தராசு சொன்ன உண்மை

அம்பன் கங்கை பாயும் எலஹெரப் பிரதேசம், மாத்தளை, பொலன்னறுவை ஆகிய இரு மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் இரத்தினக்கல் நிலமாகும். அங்கே குழி தோண்டி, ‘இல்லம்’ எனப்படும் கற்பரலை வெளிக்கொணர்ந்து, கூடையிலிட்டு நீரில் அரிப்பர். எஞ்சும் கற்களுள் எது மணி, எது வெறுங்கல் என்று அறிவதிலேயே ஒரு குடும்பத்தின் வாழ்வும் தாழ்வும் தங்கியிருப்பதுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் மாணவன் ஒருவன் இரு கற்களைத் துணியில் முடிந்து கொணர்ந்தான். ஒன்று பட்டை தீட்டிய மஞ்சட்கல்.

“சேர், இது எங்கள் அப்பாயியின் மோதிரக்கல், புஷ்பராகம். அக்காவின் கலியாணத்திற்கு இதைத்தான் நம்பியிருக்கிறோம். விலை என்ன வரும்?” என்றான்.

மற்றையது குழியில் வேலை செய்த அவன் தந்தை கொணர்ந்தது. பால் கலந்த நீர்போல் மங்கியிருந்த அதைத் தம்பி விளையாடுவதற்குக் கொடுத்திருந்தார்களாம்.

விலை கூறுவதற்கு முன்னர் இனம் அறிய வேண்டும் அன்றோ? நிறம் ஏமாற்றும். இங்கிலாந்து மன்னரின் முடியில் ‘கறுப்பு இளவரசனின் மாணிக்கம்’ எனப் புகழ்பெற்ற செங்கல்லே மாணிக்கமன்று. ஸ்பினல் என்னும் வேறினம். இலங்கையிலிருந்து சென்ற பழுப்புக் கற்கள் சிலவற்றை வேறோர் இனமெனவே அறிஞரும் எண்ணியிருந்தனர். 1952 இலேயே அவை புதுக் கனிமம் எனத் தெளிந்து, ‘சிங்களைற்’ எனப் பெயரிட்டனர்.

ஆகவே ஆர்க்கிமிடீசின் துணையை நாடினோம். கல்லைக் காற்றில் நிறுத்து, பின்னர் நூலிற் கட்டி நீரில் அமிழ்த்தி நிறுக்க வேண்டும். காற்றில் உள்ள நிறையை, நீரில் குறைந்த நிறையால் வகுத்தால் தன்னீர்ப்பு கிடைக்கும். நீலக்கல், மாணிக்கம், நம்மவர் புஷ்பராகம் என்னும் மஞ்சள் நீலக்கல் ஆகிய யாவும் குருந்தம் என்ற ஒரே இனம். அதன் தன்னீர்ப்பு ஏறக்குறைய 4. ‘கொரண்டம்’ என்ற ஆங்கிலப் பெயரும் நம் ‘குருந்தம்’ என்ற சொல்லின் வழிவந்ததே. ஸ்பினலுக்கு 3.60, தோப்பாசுக்கு 3.53, பளிங்குக்கு 2.65.

மஞ்சட்கல் காற்றில் 1.06 கிராம், நீரில் 0.66. குறைந்தது 0.40. வகுத்தால் 2.65! புஷ்பராகம் அன்று, பளிங்கின் அளவே அது. மாணவனின் முகம் வாடியது.

மங்கிய கல் காற்றில் 2.40 கிராம், நீரில் 1.80. வகுத்தால் சரியாக 4. அதன் முனை, கல்லூரியிலிருந்த தோப்பாசுத் துண்டிலும் கீறல் விழச்செய்தது. வன்மையில் தோப்பாசு 8, குருந்தம் 9. (பட்டை தீட்டிய கல்லில் இச்சோதனையைச் செய்யலாகாது; அழகு கெடும்.)

இத்தகைய பால்நிறக் குருந்தத்தை ‘கெவுட’ என்பர். ஒருகாலத்தில் மதிப்பற்றிருந்த இதனை 1970களில் தாய்லாந்து வணிகர் மலிவாக வாங்கிச் சென்று, 1500 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் சூடாக்கி நீலக்கற்களாக மாற்றினர். கல்லினுள் மறைந்திருக்கும் தைத்தேனியமும் இரும்பும் சேர்ந்தே அந்நீலத்தைத் தருகின்றன. எனினும் எல்லாக் கெவுடவும் நீலமாவதில்லை.

இனம் தெரிந்த பின்னரே தரம். நிறத்தின் செறிவு, தெளிவு, பட்டையின் செம்மை, நிறை ஆகிய நான்கும் விலையை நிருணயிக்கும். ஒரு கரட் என்பது 0.2 கிராம். சூடாக்கிய கல்லாயின் அதனை மறையாது கூறுவதே வணிக அறம். வாங்குவோரும் விற்போரும் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை போன்ற இடங்களிற் பரிசோதித்துக்கொள்ளுதல் நன்று.

அவ்வாறே அக்குடும்பத்தினரும் செய்தனர். கெவுடக் கல்லுக்குக் கிடைத்த பணம் கலியாணச் செலவு முழுவதற்கும் போதவில்லை, தாலிக்கொடிக்குப் போதியது. மஞ்சட்கல் அப்பாயியின் விரலுக்கே திரும்பிற்று.

மாணவர்களே, தன்னீர்ப்புக் கணக்குப் பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. உங்கள் வீட்டுச் சொத்தையும் அது காக்கும்.